ஜாக்கெட்டில் எழுதியிருக்கும் 800 எதை அளக்கிறது?

மாணவர்களே, சில வாரங்களுக்கு முன்பு படிவம் 4 மாணவர் ஒருவர் ஓய்வு நேரத்தில் கைப்பேசியும் கையுமாக என்னிடம் வந்தார். பழைய ஐரோப்பிய சேபர் வாள்வீச்சைப் பழகும் ஒரு குழுவில் அண்ணனோடு சேர்ந்திருக்கிறாராம். திரையில் இரண்டு ஜாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றில் 350 நியூட்டன் என்றும் மற்றொன்றில் 800 நியூட்டன் என்றும் போட்டிருந்தது. “ஐயா, 800 வாங்கினால் அடி வலிக்காதுதானே?” என்று கேட்டார்.

சேர்த்து வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியை அந்த 800-இல் போட்டுவிட்டு, கைக்கு வீட்டிலுள்ள மோட்டார்சைக்கிள் கையுறையை மாட்டிக்கொள்வது அவருடைய திட்டம். விசையின் அலகு நியூட்டன், 350-ஐவிட 800 பெரியது, ஆகவே 800 அதிக விசையைத் தாங்கும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டப்படி வாங்கினால் அவருடைய நெஞ்சு பத்திரமாக இருக்கும், விரல்தான் உடையும் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். வாளையே தொடாதவர்களும் படிக்கலாம். ஒரு பொருளின் மீது எழுதியுள்ள எண் எதை அளக்கிறது என்று கேட்பது எல்லாருக்கும் வேண்டிய பழக்கம்.

வாள்வீச்சு உடைகளுக்கான துணியைச் சோதிக்கும்போது கூரான எஃகு முனை ஒன்றை அதன் மீது செலுத்துவார்கள். எவ்வளவு விசை வரை அந்த முனை துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகாமல் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 350, 800 என்பவை இந்தத் துளைப்புச் சோதனையின் எண்கள். வாள் முறிந்தால் அந்த முறிந்த இடம் கூராகிவிடும். அது உடலுக்குள் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இந்தச் சோதனை.

இது வீண் பயம் அல்ல. சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1982-இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் அவருடைய எதிராளியின் வாள் ஆட்டத்தின் நடுவே முறிந்தது. முறிந்த முனை முகமூடியின் கம்பி வலையைத் துளைத்துக் கண் வழியே மூளைக்குள் சென்றது. சில நாள்களில் அவர் இறந்துபோனார். முகமூடி வலை, உடைத் துணி, வாளுக்கான எஃகு ஆகிய மூன்றுக்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். ஆகவே அந்த 800-ஐ நான் குறைத்துப் பேசவில்லை. அது விடை சொல்லும் கேள்வி வேறு என்றுதான் சொல்கிறேன்.

ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் சேபரின் எடை 500 கிராமுக்குள் இருக்க வேண்டும். அது சாட்டைபோல் வளையும். இடுப்புக்கு மேலே பட்டால்தான் புள்ளி. நம் மாணவர் பழகுவது அதுவல்ல. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் படைவீரர்கள் ஏந்திய சேபரின் முறையை அவர் பழகுகிறார். அந்தக் கால ஆசிரியர்கள் எழுதிய பயிற்சி நூல்கள் இன்றும் இருக்கின்றன. லண்டனில் ரோவொர்த் 1798-இல் வெளியிட்ட நூலும், ஆல்ஃபிரட் ஹட்டன் 1889-இல் எழுதிய நூலும் அவற்றில் அடங்கும். இவற்றைப் படித்து, அசைவுகளை ஒவ்வொன்றாக மீட்டெடுத்துப் பழகுகிறார்கள். (விளையாட்டு, வரலாறு, வாசிப்பு மூன்றும் சேர்ந்த பொழுதுபோக்கு. எனக்குப் பிடித்திருக்கிறது.) பயிற்சி வாளில் கூர் இருக்காது. ஆனால் எடை பொதுவாக 600 முதல் 900 கிராம் வரை வரும். பல குழுக்களில் காலும் இலக்குதான். முன்கையும் மணிக்கட்டும் எல்லாருக்கும் பிடித்த இலக்கு.

சேபர் முக்கியமாக வெட்டும் வாள். மழுங்கிய வாளால் வெட்டினால் தோல் கிழியாது, அடிதான் விழும். இந்த அடியைப் பற்றி ஜாக்கெட்டின் 800 எதுவும் சொல்வதில்லை. இதற்கு இயற்பியல் பாடத்திற்குத்தான் போக வேண்டும். படிவம் 4-இல் இம்புல்ஸ் என்று படிக்கிறீர்களே, தமிழில் கணத்தாக்கு, அதேதான்.

வாளின் முன்பகுதி 0.2 கிலோகிராம் நிறையோடு வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக நான் எடுத்த எண்கள் இவை. உந்தம் 2 அலகு. வாள் 5 மில்லிமீட்டர் தூரத்திற்குள் சீராக வேகம் குறைந்து நிற்க வேண்டுமானால் அதற்கு 1 மில்லிவினாடி ஆகும். சராசரி விசை 2,000 நியூட்டன். அதே வாள் 15 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால் 3 மில்லிவினாடி கிடைக்கும். விசை ஏறக்குறைய 670 நியூட்டனாக இறங்கிவிடும். வாளும் வேகமும் மாறவில்லை. நிற்பதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இந்த 2,000-ஐ ஜாக்கெட்டின் 800-ஓடு ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள். இரண்டும் நியூட்டன்தான். ஆனால் ஒன்று ஊசிமுனை அளவுள்ள இடத்தில் துணி தாங்கும் விசை, மற்றொன்று மழுங்கிய விளிம்பு உடலின் மீது செலுத்தும் விசை. ஒரே அலகில் இருப்பதாலேயே இரண்டு எண்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. தேர்வில் இதைக் கேட்டால் பாதிப் பேர் தவறாக எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் தடித்த நுரைப்பஞ்சு போதுமா? போதாது. மிக மென்மையான பஞ்சை மெல்லிய விளிம்பு ஒரேயடியாக அழுத்திவிடும். அழுந்த இடமில்லாமல் போனதும் மீதி அடி நேராக எலும்புக்குப் போகும். அதனால்தான் முழங்கைக்கும் கைக்கும் வெளியே கடினமான ஓடு, உள்ளே பஞ்சு என இரண்டு அடுக்கு வேண்டும். ஓடு விசையைப் பெரிய பரப்பிற்குப் பரப்பிவிடுகிறது, பஞ்சு நிற்பதற்கு நேரம் தருகிறது. வீட்டிலுள்ள மோட்டார்சைக்கிள் தலைக்கவசமும் இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் வாள்வீச்சுக்கு அதை மாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அதன் முகக் கண்ணாடி வாள்முனையின் குத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இப்போது கைக்கு வருவோம். உடலிலேயே எதிராளிக்கு மிக அருகில் இருப்பது வாள் பிடித்த கைதான். விரல் எலும்பு மெலிந்தது. மேலே சதை கிடையாது. அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. தோளில் அடி விழுந்தால் தோள் கொஞ்சம் பின்வாங்கும், அந்த அளவுக்கு நிற்பதற்கு இடம் கிடைக்கும். கைப்பிடியை இறுகப் பற்றிய விரலில் விழுந்தால் அது எங்கே போகும்? பின்னால் கைப்பிடி, முன்னால் எஃகு. பட்டறைக் கல்லின் மீது வைத்த இரும்பு மாதிரிதான். மோட்டார்சைக்கிள் கையுறை சாலையில் விழுந்து உராயும்போது உள்ளங்கையையும் விரல் முட்டியையும் காக்கும். சேபரில் அடி வாங்குவது பெருவிரலின் நுனியும் மற்ற விரல்களின் நுனிகளும்தான். அங்கே அதில் ஒன்றும் இல்லை.

எந்தக் கையுறை என்பதை வாளின் கைப்பிடியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரிட்டனின் 1796-ஆம் ஆண்டு இலகுக் குதிரைப்படை சேபரில் விரல்களுக்கு முன்னால் ஒற்றை வளைவுப் பட்டைதான் உண்டு. பக்கவாட்டில் வரும் அடிக்கு விரல்கள் திறந்தே கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பயிற்சி சேபர்களில் பலவற்றுக்குக் கிண்ணம்போல் அகன்ற கைக்காப்பு உண்டு. முதல் வகைக்குக் கனமான, விரல்நுனி வரை ஓடுள்ள கையுறை வேண்டும். இரண்டாம் வகைக்குக் கொஞ்சம் மெலிந்தது போதும். தடித்ததே நல்லது என்று இரண்டு கை வாளுக்கான பெரிய கையுறையை வாங்கியவர்கள், அது சேபரின் கைக்காப்புக்குள் நுழையாமல் தவிப்பார்கள். எப்படியோ நுழைத்தாலும் மணிக்கட்டு திரும்பாது. மணிக்கட்டு திரும்பாதவரால் தடுக்க முடியாது. ஆகவே வாங்குமுன் குழுவிலுள்ள ஒருவரின் கையுறையை இரவல் வாங்கி, உங்கள் வாளைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள்.

முகமூடிக்கு மாற்றே கிடையாது. வாள்வீச்சுக்கென்றே செய்த, சோதிக்கப்பட்ட முகமூடி வேண்டும். தலையை ஆட்டினால் அது நகரக் கூடாது. பின்மண்டையைச் சாதாரண முகமூடி மூடுவதில்லை. அடிக்குப் பயந்து முகத்தைத் திருப்பும் புதியவர்களுக்கு அங்கேதான் விழும். ஆகவே பின்பக்கத்திற்கான மேலுறையும் தேவை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முகமூடி முகத்தைக் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது. தலையில் பலத்த அடி விழுந்து தலைசுற்றலோ குமட்டலோ குழப்பமோ வந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தொண்டைக்குக் கடினமான தகடுள்ள காப்பு வேண்டும், முகமூடியின் கீழ்த்துணியை மட்டும் நம்பக் கூடாது. முட்டிக்கும் முழங்கைக்கும் சறுக்குக்காலணி ஓட்டுபவர்கள் அணியும் காப்பு தொடக்கத்திற்குப் பரவாயில்லை. காலின் முன்னெலும்புக்குக் காற்பந்துக் காப்பு உதவும். ஆண்களுக்கு இடுப்புக் கீழ்க்காப்பும் பெண்களுக்குக் கடினமான மார்புக் காப்பும் வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாதவை.

ஜாக்கெட்டுக்குத் திரும்புவோம். என் கருத்து சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நம் நாட்டில் கடையிலேயே மிகத் தடித்த ஜாக்கெட்டைத் தேடி வாங்குவது தவறு. அவற்றில் பல ஐரோப்பாவின் குளிரை மனத்தில் வைத்துத் தைத்தவை. நமக்கோ பிற்பகலில் 30 டிகிரிக்கு மேல் வெயில், காற்றில் எப்போதும் ஈரம். உடல் தன் வெப்பத்தை இறக்குவது வியர்வை ஆவியாவதால்தான். தடித்த பஞ்சுக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை, வழிந்துகொண்டுதான் இருக்கும். உடல் சூடேறினால் கவனம் முதலில் போகும், பிறகு கை தளரும், அடி அதற்குப் பிறகு வரும். குழுவின் விதி இடம் கொடுத்தால், 350-க்குக் குறையாத மெலிந்த ஜாக்கெட்டும் முழங்கை, முன்கை, தொண்டை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கடின ஓடுகளும் போதும் என்பேன். விதி 800 கேட்டால் 800-தான், அதில் பேச்சுக்கு இடமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் கார்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாதுகாப்புச் சாதனம் கூடினால் ஓட்டுநர் துணிந்து வேகமாகப் போவார், கிடைத்த நன்மை கிட்டத்தட்ட முழுவதும் கரைந்துவிடும் என்றார். கார்களைப் பொறுத்தவரை அவர் சொன்னதைப் பலர் மறுத்திருக்கிறார்கள். ஆனால் வாளைப் பிடித்தவர்கள் தங்களையே கேட்டுப் பார்க்கலாம்: எதிரில் நிற்பவர் தலை முதல் கால் வரை மூடியிருந்தால் உங்கள் கை இன்னும் கொஞ்சம் ஓங்காதா? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 10 மீட்டரை 7 ஆக்கினால் ஆற்றல் பாதியாகிவிடும். ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. உங்கள் வயதில் எஃகு வாளால் முழு வேகத்தில் மோதவே வேண்டாம். நுரைப்பஞ்சு சுற்றிய வாளில் ஓராண்டு பழகுங்கள்.

அந்த மாணவரிடம் நான் சொன்ன வரிசை இதுதான்: முதலில் முகமூடி, பிறகு கையுறை, பிறகு தொண்டைக் காப்பு. ஜாக்கெட்டை இப்போதைக்குக் குழுவில் இரவல் கேளுங்கள் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. ஜாக்கெட் போட்டுப் படமெடுத்தால் எடுப்பாக இருக்கும், தொண்டைக் காப்பைப் படமெடுத்து யாரிடம் காட்டுவது? போன வாரம் வந்து, “முகமூடி வந்துவிட்டது, ஐயா” என்றார். பயிற்சி முடிந்ததும் அதை ஈரப் பையிலேயே போட்டுவிடாமல் காற்றாட வைக்கச் சொன்னேன். நம் ஊர் ஈரத்திலும் வியர்வை உப்பிலும் எஃகு வலை சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு அரித்த வலை எவ்வளவு விசை தாங்கும் என்பதை எந்த முத்திரையும் சொல்லாது.