மாட்டுச் சந்தையில் தராசு வேண்டும்

மாடு வாங்குவதற்கும் பால் ஊற்றுவதற்கும் சர்க்கார் பலவாறு உதவி வருகின்றது. 2011ஆம் வருஷம் தமிழ்நாட்டில் விலையில்லாக் கறவைப்பசுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2023 டிஸம்பர் முதல் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஊற்றும் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கப்பெற்றது. ஆனால் அதே மாட்டை விற்கும் நாளில் குடியானவருக்குத் துணை எவருமிலர்.

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை முதலிய கிராமங்களில் ஏருக்கும் கறவைக்கும் உதவாத மாடுகள் சந்தையில் கைமாறி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய் கடந்து கேரளத்திற்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். ஆதலின் இப்பக்கத்து மாட்டின் விலையை மலைக்கு அப்பாலுள்ள கிராக்கியே பெரிதும் நிர்ணயிக்கின்றது.

அவ்வழி அடைபட்டால் நஷ்டம் யாரைச் சாரும்? 2017 மே 23ந் தேதி, சந்தைகளில் மாடுகளை வெட்டுக்கு விற்கலாகாதென மத்திய சர்க்கார் விதி செய்தது. மே 30ந் தேதி மதுரை ஹைகோர்ட்டு பெஞ்சு அவ்விதியை நிறுத்திவைத்தது. ஜூலை 11ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த நிறுத்தத்தைத் தேசம் முழுமைக்கும் விரித்தது. வியாபாரி தயங்கினால் வேறு மாடு தேடிக்கொள்வான்; குடியானவரோ விற்காத மாட்டிற்கு நாள்தோறும் வைக்கோல் போட்டாக வேண்டும். 2011 ஜூனில் ஆஸ்திரேலியா இந்தோனேஷியாவுக்கு மாடு அனுப்புவதைச் சுமார் ஒரு மாதம் நிறுத்தியபோதும், விற்கவேண்டிய மாடுகளுடன் தவித்தவர்கள் பண்ணைக்காரர்களே.

அப்படியாயின் ஏற்றுமதிக்கு மானியம் தரலாமே எனச் சிலர் கூறலாம். ஐரோப்பிய யூனியன் அதனைச் செய்து பார்த்தது. அப்பணம் நெடுந்தூரப் பிரயாணத்தில் மாடுகள் படும் வதைக்குத் துணைபோவதாகக் கண்டனம் எழவே, 2005 டிஸம்பரில் வெட்டுமாடுகளுக்கு அது நிறுத்தப்பட்டது. அத்தகைய மானியம் முதலில் சேருவது அனுப்புபவர் கையில். கொட்டிலில் மாட்டை வளர்த்தவருக்கு எவ்வளவு எட்டும் என்பது ஐயத்திற்குரியது.

இதனினும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது, ஒவ்வொரு சந்தையிலும் ஒரு மேடைத் தராசும், முந்திய வாரத்து விலையெழுதிய பலகையுமே. இன்று தரகர்கள் துண்டிற்குள் விரல் பிடித்துப் பேசும் விலையை மாட்டுக்குரியவரே அறியார். தம் மாட்டின் எடையையும் அறியார்.

தராசு வரும்வரையில் ஓர் அளவுநாடா போதும். மாட்டைச் சமதரையில் நிறுத்தி, முன்கால்களை ஒட்டிப் பின்புறமாக மார்புச் சுற்றளவையும், தோள்முனை முதல் பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவேண்டும். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, மீண்டும் நீளத்தாற் பெருக்கி, 300ஆல் வகுத்தால் உத்தேச எடை பவுண்டில் கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 50 எனின் எடை 600 பவுண்டு. அதாவது சுமார் 272 கிலோ.

இக்கணக்கு அறிந்து சந்தைக்குச் செல்பவரை ஏய்ப்பது எளிதன்று. மாடு வாங்க மானியம் தரும் சர்க்கார், அதனை நியாய விலைக்கு விற்கத் தராசும் தருதல் கடமையாம்.