பேரன் எந்த வகுப்பு?



ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அண்மையில் கலக்கத்தோடு வந்தார். இலண்டனிலிருந்து பெற்றோருடன் ஊர் திரும்பவிருக்கும் அவர் பேரனுக்கு வயது 10. "ஆறாம் ஆண்டு படிக்கிறான். ஆனாலும் தொடக்கப் பள்ளியில்தான் இருக்கிறானாம். பிள்ளை பின்தங்கிவிட்டானோ, சாமி?" என்றார்.

பின்தங்கவில்லை. நம் தமிழ்நாட்டில் தொடக்கக் கல்வி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. இங்கிலாந்தில் ஆறாம் ஆண்டு வரை நீள்கிறது. 11 வயதில்தான் உயர்நிலைப் பள்ளி. 1988ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இரண்டு ஆண்டுகளை ஒரு கட்டமாகவும், மூன்று முதல் ஆறு வரையுள்ளவற்றை மறு கட்டமாகவும் வகுத்தது. ஆறாம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்வு உண்டு. அதில் மதிப்பெண் குறைந்ததற்காக எவரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. (ஸ்காட்லாந்தின் முறை வேறு, அதை விட்டுவிடுவோம்.)

இவற்றுக்கெல்லாம் முன்பாக, 4 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு 'ரிசப்ஷன்' என்றோர் ஆண்டு. விளையாட்டு, பேச்சு, பாட்டு, அவற்றினூடே எழுத்தொலிகள். இங்கோ 3 வயது மழலையின் விரலைப் பிடித்து நோட்டு நிரம்ப எழுதச் செய்கிறோம்; எனக்கு இது சற்றும் உடன்பாடன்று. "அகத்தியை வளர்த்த பின்னர்தானே வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார்.

பிறகுதான் உண்மையான கவலை வெளிப்பட்டது. பேரன் தமிழ் பேசுவான்; எழுத்து ஒன்றும் அறியான். வகுப்பைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், மாலைதோறும் தாத்தா கதை சொல்லி, அதிலிருந்து எழுத்தைக் காட்டட்டும் என்றேன். போகும் வழியில் சிலேட்டு ஒன்று வாங்கிச் சென்றதாகக் கேள்விப்பட்டேன்.