சிகார் தேர்வு செய்யும் தம்பிகளுக்கு

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பன் ஒருவன் என்னைக் கோலாலம்பூரில் ஒரு சிகார் லவுஞ்சுக்கு அழைத்துப் போனான். அவனும் என்னைப்போல பொறியியலாளன். புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தான்.

"மொத தடவையா? அப்ப மைல்டா ஆரம்பி. கனெக்டிகட் எல சுத்துனது எடு, நெறம் வெளுப்பா இருக்கும். மடூரோ பக்கம் இப்ப போகாத, தலைய சுத்திரும். வெறும் வயித்துல பிடிக்காத. பொகைய உள்ள இழுக்காத, வாயில வச்சி விட்ரு."

சொன்னதில் தவறில்லை. சிகாரைப் பற்றித் தொடக்கக்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை உலகம் முழுக்க ஏறக்குறைய இதுதான். அளவையும் விளக்கினான். ரிங் கேஜ் என்பது அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்த கணக்கு. 50 ரிங் கேஜ் என்றால் 50/64 அங்குலம், கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் விட்டம். ஐந்து அங்குல நீளத்தில் அந்தக் கனம் இருந்தால் அதற்கு ரோபுஸ்டோ என்று பெயர். கணக்கு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவன் சும்மா ஒரு கேள்வி போட்டேன்.

"டேய், இதுக்குத் தமிழ்ல என்னா பேரு?"

சிரித்தான். "தமிழ்ல ஏதுடா இதெல்லாம்?"

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்குப் பதில். அன்றைக்கு அவன் காசில் குடித்துக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் 'செரூட்' என்றொரு சொல் இருக்கிறது. அது நம் 'சுருட்டு'. போர்த்துகீசியரின் 'ஷருத்து'வும் அதே சொல்தான். நாம் தினமும் பேசுகிற மலாயில் சிகாருக்கு என்ன சொல் என்று யோசித்துப் பாருங்கள். செருத்து. இலையைச் சுருட்டினான், சுருட்டு ஆனது. அந்த வினை நம்முடையது, அதைக் கப்பல்காரர்கள் தூக்கிக்கொண்டு போய் உலகத்துக்குக் கொடுத்தார்கள். எஸ்.பி.எம். தேர்வில் மலாய்க்கு 'ஏ' வாங்கிய என் நண்பன் 'செருத்து'வை எத்தனை முறை படித்திருப்பான்! ஒருமுறைகூட அவன் காதில் சுருட்டு விழவில்லை.

விழாததற்குக் காரணம் இருக்கிறது. சுருட்டு என்றால் அவன் பாட்டி. என் பாட்டியும்தான்.

என் பாட்டி பால்மரம் சீவியவர். விடிகாலை நான்கரைக்கு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, அதே கொள்ளியில் சுருட்டையும் பற்றவைப்பார். பாதி குடித்துவிட்டு நுனியைக் கிள்ளி அணைத்து, மீதியைப் பிஸ்கட் டின்னுக்குள் வைப்பார். அந்த டின் அடுப்புக்கு மேலே பலகையில் இருக்கும். அதை வேறெங்கே எடுத்து வைத்தாலும் திட்டு விழும். ஏன் என்பது எனக்கு அந்த லவுஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. சிகாரை 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கவேண்டும் என்று நண்பன் தன் தேவதாரு மரப்பெட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டி குளிர்நாட்டின் வறண்ட காற்றுக்குப் பிறந்தது, உள்ளே ஈரம் ஊட்டுவதற்காக. நம் ஊரில் காற்றிலேயே ஈரம் எண்பதைத் தாண்டி நிற்கும். ஈரம் கூடினால் பூசணம் பிடிக்கும், சூடும் சேர்ந்தால் புகையிலை வண்டு முட்டையிலிருந்து வெளியே வந்து இலையைத் துளைத்துவிடும். இங்கே பிரச்சினை ஈரத்தைக் குறைப்பது. கோல சிலாங்கூரின் சதுப்புக் காற்றில் புகையிலையைக் கெடாமல் வைக்க என் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு அதற்கொரு மீட்டர் தேவைப்படவில்லை.

ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் பாட்டியைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவோம். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று டின்னைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவன் நான். பத்து வயது. யாரும் சொல்லிச் செய்யவில்லை, எனக்கே தெரிந்திருந்தது. இதை எழுதும்போது என் நண்பனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது.

சிலர் உடனே குறுக்கிடுவார்கள்: சுருட்டு வேறு, சிகார் வேறு. ஒப்புக்கொள்கிறேன். சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும், வெட்டுக்கத்தி வேண்டாம். சிகாருக்குத் தலையில் தொப்பி உண்டு, வெட்டவேண்டும். மேலுறை, கட்டிலை, உள்ளிலை என்று மூன்றாகப் பிரித்து இலை தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். வேலைப்பாடு அதிகம், விலையும் அதிகம். சரி. ஆனால் ஒன்றில் 'தோல் வாசம், கொக்கோ வாசம், ஈர மண் வாசம்' என்று கண்ணை மூடி ரசிக்கிறவன் மற்றதில் நாற்றத்தை மட்டும் கண்டால், அது நாக்கின் தீர்ப்பில்லை. யார் கையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் தீர்ப்பு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் சுருட்டுக்காக வெட்கப்பட மாட்டார்கள், பெருமைப்படுவார்கள். எதற்கு? சர்ச்சில் குடித்தது நம்ம ஊர் சுருட்டாம். வாட்சப்பில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது எனக்கு இது வந்துவிடும். கூடவே ஷெர்லாக் ஹோம்ஸ். 1887-ல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலிலேயே சாம்பலைப் பார்த்துத் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிப்பது உண்மைதான். உறையூரில் உட்கார்ந்து சுருட்டியவனின் பெயர் அந்தச் சாம்பலில் இல்லை.

சர்ச்சில் கதை உண்மையாகவே இருக்கட்டும். அவர் பிரதமராக இருந்த 1943-ல் வங்காளத்தில் பஞ்சத்தில் செத்தவர்கள் 30 இலட்சம்வரை என்கிறார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அதே சர்ச்சில் ஆட்சியில், 1941-ல், இதே சிலாங்கூரில் பால்மரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளானில் தொடங்கிப் பரவியது. என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதே. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு. தமிழ் நேசனில் வேலை பார்த்த ஆர்.எச். நாதனை மே மாதம் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது, ஆள்கள் செத்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்கமாட்டேன் என்றவனின் பேரன், இறங்கச் சொன்ன அரசின் தலைவர் வாயில் நம் சுருட்டு இருந்ததென்று பூரித்துப் போகிறான்.

இலக்கியவாதிகளும் இதற்கு விலக்கில்லை. கோல சிலாங்கூர் தோட்டத் துரை ஆன்ரி ஃபோக்கோனியே தன் மலாயா நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியதைக் கூட்டங்களில் யாராவது சொல்லும்போது நானும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை 1917-ல் அவர் தென்னமரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது, பத்தாங் பெர்ஜுந்தையில். நட்ட கைகள் எவை என்று நான் ஒருமுறையும் எழுந்து கேட்டதில்லை.

சுருட்டில் பெருமைப்பட வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லிருந்து ஒரு வழக்கம். தொழிலாளிகள் வரிசையாக உட்கார்ந்து இலை சுருட்ட, உயரமான மேடையிலிருந்து ஒருவர் உரக்க வாசிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். அவருக்குக் கூலி முதலாளி கொடுக்கவில்லை, தொழிலாளிகள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். என்ன வாசிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். மறு ஆண்டே அரசாங்கம் பயந்துபோய்த் தடை போட்டது, ஆனாலும் வழக்கம் சாகவில்லை. என் நண்பன் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய மோன்டே கிறிஸ்டோ இருக்கிறதே, அது அந்த மேடையிலிருந்து வாசிக்கப்பட்ட டூமாவின் நாவலிலிருந்து வந்த பெயர். வழிகாட்டியில் இலை எந்த நாடு, உறை என்ன நிறம் எல்லாம் இருந்தது. இது இல்லை.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையோ தொடர்கதையோ வாசிக்க, மற்றவர்கள் கை ஓயாமல் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் அங்கே இலக்கியம் கேட்டான், அரசியல் பேசினான். ஹவானாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் யாரும் கடிதம் எழுதிக்கொள்ளவில்லை. கை வேலையில் இருக்க, காது சும்மா இருக்கும் தொழில் அது. இரண்டு ஊர்க்காரனும் அந்தக் காதுக்குக் கதை கேட்டான். நம் லயங்களிலும் தமிழ் முரசை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதாகத் தாத்தா சொல்வார். பாட்டி அந்தக் கூட்டத்தில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தாராம். யாரும் பின்கட்டுக்கு அனுப்பவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் சுருட்டு வாங்க ஓட வேண்டாம். பாட்டியின் கடைசி இரண்டு வருட இருமலைக் கேட்டவன் நான். ஆந்திரக் கடலோரத்தில் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துக் குடிக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் பல காலமாக எழுதி வருகிறார்கள். லவுஞ்சுக்காரர்களின் பெரிய பொய்யும் இங்கேதான் இருக்கிறது. 'உள்ளே இழுப்பதில்லையே, ஒன்றும் ஆகாது' என்பார்கள். ஒரு பெரிய சிகாரில் ஒரு பெட்டி சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இழுக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை. 2007-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் புகையிலையே விற்கக்கூடாது என்றிருந்த பிரிவை 2023-ல் மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆக, தொடக்கக்காரர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். 'மைல்டா ஆரம்பி' என்று அவர்களிடம் சொல்கிற அண்ணன் இதையும் சேர்த்துச் சொன்னால் அவனை மதிப்பேன்.

இப்போது முனியாண்டி. எங்கள் தோட்டத்து எல்லையில், மரத்தடியில் இருந்தவர். சுருட்டு இல்லாமல் அவருக்குப் படையல் கிடையாது. பாட்டி டின்னிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்து அவர் முன்னால் வைப்பார். தோட்டம் வீடமைப்பாக மாறியபோது கோயிலும் இடம் மாறியது, கோபுரம் வந்தது, பெயர்ப்பலகையில் முனியாண்டி முனீஸ்வரர் ஆனார். மூன்று வருடத்துக்கு முன் அறிவிப்பு ஒட்டினார்கள்: சுருட்டும் மதுவும் படைக்க அனுமதி இல்லை.

ஆரோக்கியத்துக்காகத்தான் என்று சொன்னார்கள். சாமிக்கு நுரையீரல் கெட்டுவிடுமா? 1941-ல் கள்ளுக்கடையை மூடு என்றவர்கள் தோட்டத்து ஆள்களே, குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்துக் கேட்டார்கள். அது மானம். இது வேறு, நான் பத்து வயதில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் செய்தது.

அந்த நிர்வாகத்தில் என் நண்பனின் அப்பாவும் இருக்கிறார். லவுஞ்சில் இதைப் பற்றிக் கேட்டேன். புகையை மெல்ல விட்டபடி சொன்னான்: "சரிதான்டா. இந்தக் காலத்துல போயி சாமிக்கு சுருட்டு வச்சிக்கிட்டு, மத்தவங்க பாத்தா என்னா நெனைப்பாங்க?"

பிஸ்கட் டின் இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் பட்டணத்து மளிகைக்கடையில் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கி, ஒன்றை முனியாண்டி முன்னால் வைத்தேன். பூசாரி ஐயா அறிவிப்பைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு கற்பூரத்தில் காட்டி அதைப் பற்றவைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துச் செயலாளரிடமிருந்து கண்டனச் செய்தி வந்தது. ஆண்டுக்கூட்டத்தில் இதைப் பேசவேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நண்பனையும் வரச்சொல்லியிருக்கிறேன். வந்தால் அவன் மரப்பெட்டியையும் கொண்டுவரட்டும், டின்னுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துப் பேசுவோம்.