கண்டியின் பழமையைப் பேணச் சோலைவரியில் ஒரு மேல்வரி: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கண்டி மாநகரசபை அறவிடும் சோலைவரியின்மேல் நூறு ரூபாவுக்கு இரண்டு ரூபா வீதம் மேல்வரி ஒன்றை விதித்து, அப்பணத்தை நகரின் பழைய வீடுகளையும் நீரோடைகளையும் எளியோர் குடியிருப்புகளையும் பேணுவதற்கென்றே ஒதுக்கவேண்டும் என்பதும், இதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படின் அதனையும் தாமதமின்றிச் செய்யவேண்டும் என்பதும் எமது சங்கத்தின் தீர்க்கமான அபிப்பிராயமாகும்.

1988 இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, தலதா மாளிகையோடு அதனைச் சூழ்ந்த புராதன நகரத்தையும் சேர்த்தே கௌரவித்தது. 1998 ஜனவரியில் குண்டுவெடிப்பினால் மாளிகை சிதைந்தபோது, அதனைப் புனருத்தாரணம் செய்ய நாடே முன்வந்தது. ஆனால் அரைவட்ட ஓடு வேய்ந்து, மரத்தூண்கள் தாங்கும் விறாந்தையோடு ஒரு பக்கத் தெருவில் நிற்கும் வீடு மழைக்கு ஒழுகும்போது, அனுமதிக்கு அலைவதும், அதே ஓட்டைத் தேடுவதும், உக்கிப்போன வளையை மாற்றத் தெரிந்த தச்சனைக் கண்டுபிடிப்பதும், இத்தனைக்கும் கைப்பணத்தைக் கொட்டுவதும் வீட்டுக்காரர் ஒருவரின் தலையிலேயே விழுகின்றன. ஆகவே முதலில் ஓடு போய்த் தகரம் ஏறுகிறது. பின்னர் முகப்பும் இடிந்து கண்ணாடிக் கடை எழுகிறது. இதற்கு அவரை நிந்திப்பதில் நியாயமில்லை.

இச்சுமையை ஊரே பகிர்ந்துகொள்ள வழியுண்டு. அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலம் 2000 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதித்தால், சொத்துவரியின்மேல் 3 வீதத்துக்கு மேற்படாத வரியை விதிக்க இடமளிக்கிறது. அதன் வருவாயில் வருடந்தோறும் பத்தில் ஒரு பங்கேனும் திறந்த வெளிகளுக்கும், அவ்வாறே வரலாற்றுச் சின்னங்களுக்கும், எளியோர் வீட்டு வசதிக்கும் ஒதுக்கப்படவேண்டும். மாநில அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. பொஸ்ரன் மாநகரம் 2016 இல் 1 வீதத்தோடு இதனை ஏற்றுக்கொண்டது.

இதில் எமது மனத்தை மிகவும் கவர்ந்தது எளியோர் வீட்டு வசதிக்கான மூன்றாவது பங்கே. நகரசுத்தித் தொழிலாளராய்த் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் சந்ததியினர் கண்டி நகரின் மகியாவைப் பகுதியில் நெருக்கமான வீடுகளில் வாழ்கின்றனர். நீரோடைகளின் நிலையும் கவலைக்குரியதே: கண்டி வாவியின் மிகைநீரை மகாவலி ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் மெத எல என்னும் ஓடை நகரின் அழுக்கையெல்லாம் சுமந்தோடுகிறது. ஆயினும் வீதிகளைத் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவாக்கிய மக்களின் கூரையை மறந்துவிட்டு, பழைய முகப்புகளுக்கு மாத்திரம் வர்ணம் பூசுவதை மரபுப் பாதுகாப்பு என்று சொல்ல எமக்கு மனம் ஒப்பவில்லை.

வருட மதிப்புக் குறைந்த குடியிருப்பு வீடுகளுக்கு இம்மேல்வரியிலிருந்து முழு விலக்கு அளிக்கவேண்டும். ஜனவரிக்குள் முழு வருட வரியையும் கட்டுவோருக்கு இப்போதுள்ள 10 வீதக் கழிவு குறையலாகாது. வரும் பணம் தனிக் கணக்கில் இடப்பட்டு, வரவும் செலவும் மும்மொழியிலும் வருடந்தோறும் பிரசுரிக்கப்படவேண்டும். அது சபையின் பொது நிதியோடு கலக்கப்படுமாயின், இம்மேல்வரியை நாம் பகிரங்கமாக எதிர்ப்போம்.