ச்சீஷி கல்யாணம்: விளக்கு மட்டும் போதுமா?

கல்யாணத்துக்குத் தீம் வைப்பது இப்போது நம் செட்டில் சாதாரணம். சீனப் பண்டிகைத் தீம் என்றால் சிவப்பு விளக்கு, தங்கநிற எழுத்து, நாலு போட்டோ. அதோடு முடிந்தது. ஆனால் ச்சீஷியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதன் கதையையும் கேட்டுவிடுங்கள்.

சீன நாட்காட்டியில் 7ஆம் மாதம் 7ஆம் நாள் ச்சீஷி. மாடு மேய்க்கும் நியூலாங்கும், வானுலகில் நெசவு செய்யும் ஜீன்யூவும் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர்களைப் பிரித்துவிடுகிறார்கள், நடுவே பால்வீதி. வருடத்தில் அந்த ஒரு இரவு மட்டும் பறவைகள் கூடிப் பாலமாக நிற்க, இருவரும் சந்திக்கிறார்கள். 2006இல் சீனா இதைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கதையைத் தோஹா தொழில்பேட்டையில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கத்தாரில் குடும்ப விசாவுக்குச் சம்பள வரம்பு உண்டு. அதற்குக் கீழே வாங்கும் அண்ணன்மாருக்கு மனைவி, பிள்ளை எல்லாம் வீடியோ காலில்தான். ஊருக்குப் போகும் லீவுதான் அவர்களின் பாலம்.

தேதியிலும் கவனம் வேண்டும். ச்சீஷி பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். நாம் ஆடியைத் தவிர்ப்பதுபோல, சிங்கப்பூர், மலேசியச் சீனர்கள் பலர் அந்த மாதம் கல்யாணம் வைப்பதில்லை. சீனாவிலோ அதே நாளில் பதிவுத் திருமணத்துக்குக் கூட்டம்.

இன்னொருவர் பண்டிகையை எடுப்பது தப்பில்லை. ஆனால் ச்சீஷி பிரிவைப் பற்றியது. அலங்காரக்காரரிடம் பேசும் முன் நீங்கள் இருவரும் பேசுங்கள்: யார் எந்த ஊரில் வேலை? எத்தனை மாதம் தனித்தனியாக? விளக்குச் செலவைக் கொஞ்சம் குறைத்து, ஒரு விமான டிக்கெட்டுக்கு எடுத்து வையுங்கள்.