சாரத்துக்குக் கீழே ஒரு வலை

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலக் கட்டுமானத்தில் 1930களிலேயே கட்டப்பட்ட வலை, தவறி விழுந்த 19 பேரைக் காப்பாற்றியது. அதே வலையை 1937 பிப்ரவரியில் சரிந்த சாரம் கிழித்துச் செல்ல, பத்துப் பேர் மாண்டார்கள். தவறி விழும் மனிதரை வலை தாங்கும். சரியும் இரும்பைத் தாங்காது. ஆகவே முதலில் சாரத்தின் உறுதியைச் சோதியுங்கள். பிறகு வேலை நடக்கும் மட்டத்துக்கு நெருக்கமாக வலை கட்டுங்கள். அதில் விழும் கல், கம்பியை அன்றாடம் அகற்றுங்கள். தூசிக்காகத் தொங்கவிடும் பச்சைத் துணி உயிரைத் தாங்காது. சென்னை ராயபுரத்தில் எழும் ஒவ்வொரு அடுக்குமாடியிலும், வலை கட்டியதைப் பார்த்த பிறகே மேல்தள வேலைக்கு ஆள் ஏற்ற அதிகாரிகள் அனுமதிக்க வேண்டும்.