பாறசாலைக்கு வராத இன்ஜின்

1949-ல் அமெரிக்காவின் பால்டுவின் கம்பெனி தயாரித்த 20 நீராவி இன்ஜின்கள் இந்தியாவில் வந்திறங்கின. ரயில்வே அவற்றுக்கு வைத்த பெயர் ஒய்.பி. ‘ஒய்’ என்றால் மீட்டர் கேஜ், ‘பி’ என்றால் பாசஞ்சர். சுதந்திர இந்தியாவின் மீட்டர் கேஜ் மெயில்களையும் எக்ஸ்பிரஸ்களையும் இழுப்பதற்கென்றே உருவான வகை அது. 1970 வரை மொத்தம் 871 ஒய்.பி.க்கள் தயாராயின.

ஆனால் தென்கோடியில் மீட்டர் கேஜுக்கு ஓர் ஓட்டை இருந்தது. கிழக்கே திருநெல்வேலியோடு தண்டவாளம் நின்றது. மேற்கே திருவனந்தபுரத்தோடு நின்றது. நடுவில் சுமார் 145 கி.மீ. தூரத்துக்கு ரயிலே கிடையாது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, நாகர்கோவில் எல்லாம் அந்த இடைவெளியில் சிக்கிய ஊர்கள். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை 20 கி.மீ.தான், பாறசாலை 30 கி.மீ. இந்த ஊர்கள் ரயிலைப் பார்த்தபோது, ஒய்.பி. தயாரிப்பு நின்று ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

ஒய்.பி.யின் கதை ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறது. 1920-களில் இந்திய ரயில்வேக்கள் தங்கள் இன்ஜின்களைத் தரப்படுத்த முனைந்தன. பிராட் கேஜுக்கு எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.சி. வகைகளும் மீட்டர் கேஜுக்கு ஒய்.பி.க்கு முந்தைய தலைமுறையும் வந்தன. முன்னால் நான்கு சின்னச் சக்கரங்கள், நடுவில் ஆறு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு. இந்த அமைப்புக்கு உலகமெங்கும் ‘பசிபிக்’ என்று பெயர். காகிதத்தில் நன்றாக இருந்த எக்ஸ்.பி., வேகமாக ஓடும்போது பக்கவாட்டில் அலைந்தது. 1937 ஜூலை 17 அன்று பாட்னாவுக்கு அருகே பிஹ்டாவில் எக்ஸ்பிரஸ் ஒன்று தடம் புரண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதை இழுத்தது எக்ஸ்.பி. இன்ஜின். விசாரணைக்குப் பிறகு, இந்த இன்ஜின்களை ஆராய பசிபிக் லோகோமோட்டிவ் கமிட்டி அமைக்கப்பட்டது. யுத்தத்துக்குப் பின் வந்த புதிய வடிவங்களுக்கு அந்தப் பாடம் அடிப்படையாயிற்று. பிராட் கேஜில் டபிள்யூ.பி. 1947-ல் வந்தது. இரண்டு வருடங்களில் அதன் மீட்டர் கேஜ் தம்பியாக ஒய்.பி.

தம்பிக்கு உடம்பு சின்னது. அண்ணனின் பெரிய சக்கரங்களுக்குக் குறுக்களவு ஐந்தடி ஏழு அங்குலம். இதற்கு நாலரை அடி. மீட்டர் கேஜின் மெலிந்த தண்டவாளமும் பழைய பாலங்களும் அதிகப் பாரம் தாங்காது. எனவே ஒவ்வோர் அச்சிலும் விழும் எடை சுமார் பத்தரை டன்னைத் தாண்டாதபடி வடிவமைத்தார்கள். உலைக்களத்தை மட்டும் அகலமாக வைத்தார்கள். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். குறுகிய உலையில் அது நின்று எரியாது, நீராவி ஏறாது.

அந்த உலைக்கு எவ்வளவு கரி போட்டாலும் போதாது. டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, ஆடும் தரையில் கால் ஊன்றி, அளவு பார்த்துக் கரி வாரிப் போடுவது ஃபயர்மேனின் வேலை. ஓரிடத்தில் குவிந்தாலும் புகைதான் மிஞ்சும். தெற்கே இன்னொரு சிக்கல். சிங்கரேணியிலிருந்தோ வங்காள, பீகார் சுரங்கங்களிலிருந்தோ கரி வந்தாக வேண்டும். ஒரு எக்ஸ்பிரஸ் ஓடுவதற்கு முன், அதற்கான கரி நீண்ட பயணம் செய்திருக்கும். டீசல் இன்ஜின் வந்தபோது தென்னக ரயில்வே அதை ஆவலுடன் வரவேற்றதில் ஆச்சரியம் இல்லை.

ஒய்.பி.யைச் செய்தவர்களில் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனியும் மூனிக்கின் கிராஸ்-மாஃபேயும் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் பிறந்தது ஜாம்ஷெட்பூரில், டெல்கோவில். 1945-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் முழுப்பெயரே டாடா இன்ஜினியரிங் அண்ட் லோகோமோட்டிவ் கம்பெனி. அதே டெல்கோ 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி தயாரிக்கவும் ஆரம்பித்தது. 1970-ல் ரயில் இன்ஜின் தயாரிப்பு நின்றது, லாரி நிற்கவில்லை. 2003-ல் பெயரிலிருந்தும் ‘லோகோமோட்டிவ்’ போய் டாடா மோட்டார்ஸ் ஆயிற்று. ரயில் இல்லாத ஊர்களுக்கு டெல்கோ அனுப்பியது இன்ஜின் அல்ல, லாரிதான்.

ஏன் இந்த ஊர்களுக்கு ரயில் வரவில்லை? திருநெல்வேலிக்கு 1876-லேயே வந்துவிட்டது. கொல்லம்-செங்கோட்டை மலைப்பாதை 1904-ல் திறந்தது. அங்கிருந்து 1918-ல் திருவனந்தபுரம் சாலை வரையும், 1931-ல் தம்பானூர் வரையும் நீண்டது. பிறகு நகரவில்லை. தலைநகருக்கு ரயில் வந்ததும் அவசரம் தீர்ந்துவிட்டது. 1938-ல் திருவிதாங்கூர் அரசே பஸ் விட ஆரம்பித்தது. பாலராமபுரத்து நெசவாளரின் துணியும் நாஞ்சில் நாட்டு நெல்லும் சாலையில்தான் பயணம் செய்தன.

1956 நவம்பர் 1 அன்று அந்த இடைவெளியின் நடுவே மாநில எல்லையும் விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கியது. பாறசாலை இந்தப் பக்கம், களியக்காவிளை அந்தப் பக்கம். வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமும், அல்லது மாறியும், பேசுகிற குடும்பங்கள் இரு பக்கமும் இருந்தன. பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லை பார்த்து நிற்கவில்லை. ஆனால் இரு மாநிலங்களின் ஓரத்தில் கிடக்கும் ஊருக்கு ரயில் கேட்டுக் குரல் கொடுப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் இன்னும் சிக்கலாயிற்று.

1972 செப்டம்பரில் இந்திரா காந்தி கன்னியாகுமரியில் அடிக்கல் நாட்டினார். அதற்குள் காலம் மாறியிருந்தது. 1976-ல் கொல்லம்-திருவனந்தபுரம் பாதையே பிராட் கேஜாகிவிட்டது. 1979 ஏப்ரலில் நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடியபோது தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 1,676 மில்லிமீட்டர். ஒய்.பி.க்கு வேண்டியது 1,000. 1981 ஏப்ரலில் நாகர்கோவில்-திருநெல்வேலி இணைப்பும் முடிந்து ஓட்டை அடைபட்டது. இருபது வருடம் முன்னால் இதே பாதை போட்டிருந்தால் அது மீட்டர் கேஜாகத்தான் இருந்திருக்கும். இரு முனைகளிலும் அதுதானே இருந்தது.

தாமதத்தில் ஒரு லாபமும் உண்டு. முன்னால் ரயில் பெற்ற ஊர்கள் அதற்குப் பின்னால் விலை கொடுத்தன. நாடெங்கும் ஒரே கேஜ் என்ற திட்டம் 1992-ல் தொடங்கியது. அதன்படி அகலப்படுத்துவதற்காகச் செங்கோட்டை-புனலூர் மீட்டர் கேஜ் பாதை 2010-ல் மூடப்பட்டது. மீண்டும் முழுமையாகத் திறந்தது 2018-ல். எட்டு வருடம் அந்த மலை ஊர்கள் ரயில் இல்லாமல் இருந்தன. பாறசாலை அந்த அவஸ்தையைப் படவில்லை. எடுத்த எடுப்பிலேயே அகலப்பாதை கிடைத்துவிட்டது.

ஆனால் நஷ்டக் கணக்கை அந்த லாபம் நேர் செய்துவிடாது. 1918-க்கும் 1979-க்கும் நடுவே 61 வருடங்கள். திருவனந்தபுரத்தில் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் போன மூன்று தலைமுறை பஸ்ஸில் நெரிசல்பட்டே போயிற்று. ரயில் வந்த பிறகும் வந்தது ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காகக் காத்து நிற்பது இங்குள்ள பாசஞ்சர் வண்டிகளின் வழக்கமாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்துப் பயணிகள் சங்கங்களுக்கு வேறொரு குறை. தங்கள் ஸ்டேஷன்கள் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பதால் கவனிப்பு கிடைப்பதில்லை, மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை.

பிராட் கேஜில் நீராவி இன்ஜின் 1995 டிசம்பரில் ஓய்ந்தது. மீட்டர் கேஜில் இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்தது. ஒய்.பி.யைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் விசிலையும் புகையையும் நினைத்து உருகுவார்கள். பாறசாலைக்காரருக்கு அந்த ஏக்கம் வர வழியில்லை. எந்த இன்ஜின் வந்திருந்தாலும் அவருக்குச் சம்மதமாகத்தான் இருந்திருக்கும். அவர் வேண்டியதெல்லாம் அது நேரத்துக்கு வர வேண்டும் என்பதுதான்.